கட்டிக்குள் இருக்கும் ஸ்டெம் செல்லுக்குத் தனி மருந்து உண்டா?

கேள்வி: என் அப்பாவுக்கு 57 வயது. இரண்டு மாதத்துக்கு முன்பு திடீரென்று ஃபிட்ஸ் வந்தது. ஸ்கேனில் மூளையின் வலது பக்கம் கட்டி இருப்பது தெரிந்து, ஆபரேஷன் செய்து பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். பயாப்சி ரிப்போர்ட்டில் 'கிளையோபிளாஸ்டோமா, கிரேடு 4, ஐ.டி.எச். வைல்டுடைப், எம்.ஜி.எம்.டி. அன்மெத்திலேட்டட்' என்று இருக்கிறது. இப்போது கதிர்வீச்சும் டெமோசோலமைடு மாத்திரையும் மூன்றாவது வாரமாகப் போகின்றன. இந்தக் கட்டிக்குள் ஸ்டெம் செல்கள் இருக்கின்றன, கதிரும் கீமோவும் அவற்றை ஒன்றும் செய்யாது, அதனால்தான் கட்டி திரும்ப வருகிறது என்று படித்தேன். அப்படியானால் இந்தச் சிகிச்சையே வீண்தானா? அந்த செல்களைக் கொல்லத் தனி மருந்து இல்லையா? ஒரு தனியார் கிளினிக்கில், ஸ்டெம் செல் ஏற்றினால் நோயின் வேரே அறுந்துவிடும் என்கிறார்கள். ஆறு லட்சம் ஆகுமாம். மாதக் கடைசிக்குள் முன்பணம் கட்டச் சொல்கிறார்கள். அம்மாவின் நகையை அடகு வைக்கலாமா என்று யோசிக்கிறோம்.
— பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: நகையை வைக்காதீர்கள். முன்பணமும் கட்டாதீர்கள். காரணத்தைக் கீழே விரிவாகச் சொல்கிறேன். உங்களுக்குக் கெடு வைத்திருப்பதால் இதை முதலில் சொல்லிவிட்டேன். நடந்துகொண்டிருக்கும் கதிர்வீச்சையும் மாத்திரையையும், சிகிச்சை தரும் மருத்துவர் நிறுத்தச் சொன்னால் தவிர, விடாமல் முடியுங்கள்.

நீங்கள் படித்ததில் பாதி சரி. இந்த விஷயம் பெரிதாகப் பேசப்பட ஆரம்பித்தது கனடாவின் டொரண்டோவிலிருந்து. ரத்தப் புற்றுநோயில் எல்லா செல்களும் ஒன்றுபோல இல்லை, மிகச் சில செல்களுக்கு மட்டும்தான் நோயை மறுபடி முதலிலிருந்து உண்டாக்கும் திறன் இருக்கிறது என்று ஜான் டிக் 1990களில் அங்கே காட்டினார். அதே ஊரின் குழந்தைகள் மருத்துவமனையில் ஷீலா சிங், பீட்டர் டர்க்ஸ் குழுவினர் மூளைக் கட்டிகளில் அப்படிப்பட்ட செல்களை (இவற்றைத்தான் புற்று ஸ்டெம் செல் என்கிறார்கள்) தேடினார்கள். நோயாளிகளிடமிருந்து எடுத்த கட்டியை செல் செல்லாகப் பிரித்து, மேற்பரப்பில் சி.டி.133 என்ற புரதம் உள்ளவற்றை ஒரு பக்கமும் இல்லாதவற்றை இன்னொரு பக்கமும் வைத்து, இரண்டையும் எலிகளின் மூளையில் செலுத்தினார்கள். புரதம் உள்ள செல்கள் வெறும் 100 போதுமாக இருந்தது. முழுக் கட்டியே வளர்ந்தது. இல்லாத செல்களை ஒரு லட்சம் செலுத்தியும் வளரவில்லை. 2004இல் இது நேச்சர் இதழில் வந்தபோது எங்கள் துறையில் பெரிய நம்பிக்கை பிறந்தது. எதிரி யார் என்று தெரிந்துவிட்டது, இனி அவனுக்கென்று ஒரு மருந்து செய்தால் போதும் என்ற நம்பிக்கை.

அடுத்தடுத்து வந்த ஆய்வுகளும் அதற்குத் துணை நின்றன. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜெரமி ரிச் குழு 2006இல் ஒன்றைக் காட்டியது. கதிர்வீச்சு எல்லா செல்களின் டி.என்.ஏ.வையும்தான் உடைக்கிறது, ஆனால் இந்த ஸ்டெம் செல் போன்றவை, உடைந்ததும் பிரிவதை நிறுத்திவைத்து, பழுதைச் சரிசெய்துகொண்டு, பிறகு வேலையைத் தொடர்கின்றன. 2012இல் டெக்சாஸில் லூயிஸ் பராடா குழு எலிகளில் பார்த்தது வேறு ஒரு பக்கம். டெமோசோலமைடு வேகமாகப் பிரியும் செல்களைக் கொன்றது. மெதுவாக, கிட்டத்தட்டத் தூங்கிக்கொண்டிருந்த ஒரு கூட்டம் மட்டும் தப்பித்தது. மருந்தை நிறுத்தியதும் அந்தக் கூட்டத்திலிருந்துதான் கட்டி மறுபடி எழுந்தது. டெமோசோலமைடு வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் இதில் வியப்பில்லை. அது டி.என்.ஏ.வில் ஒரு சின்னப் பிழையை ஒட்டவைக்கிறது. செல் பிரியும்போதுதான் அந்தப் பிழை உயிருக்கு உலை வைக்கும். பிரியாமல் சும்மா இருக்கும் செல்லை அது அவ்வளவாகத் தொடுவதில்லை.

இவை எங்கிருந்து வருகின்றன என்பதற்கும் ஓரளவு விடை இருக்கிறது. பெரியவர்களின் மூளையிலும், உள்ளே நீர் நிறைந்த அறைகளின் ஓரத்தில், இயல்பான நரம்பு ஸ்டெம் செல்கள் சில உண்டு. கட்டிக்குத் தொலைவில், அந்த ஓரத்திலேயே, கட்டியில் இருக்கும் அதே மரபணுப் பிழைகளைச் சுமந்த செல்கள் சில நோயாளிகளிடம் இருந்ததைக் கொரிய விஞ்ஞானிகள் 2018இல் காட்டினார்கள். கட்டி ஓரிடத்தில், அதன் பிறப்பிடம் வேறோர் இடத்தில்.

சரி, அப்படியானால் சிகிச்சை வீண்தானா? இல்லை. 'ஒன்றும் செய்யாது' என்பது தவறு. 'குறைவாகச் செய்யும்' என்பதுதான் சரி. உங்கள் அப்பாவுக்கு இப்போது நடக்கும் சிகிச்சைமுறைக்கு அடிப்படை, ரோஜர் ஸ்டுப் தலைமையில் 573 நோயாளிகளிடம் நடந்து 2005இல் வெளியான ஆய்வு. கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் இரண்டு ஆண்டுக்குப் பிறகு உயிரோடு இருந்தவர்கள் நூற்றுக்குப் 10 பேர். மாத்திரையும் சேர்த்துப் பெற்றவர்களில் 26 பேர். ஐந்து ஆண்டுக் கணக்கில் இது 2 பேருக்கு எதிராகக் கிட்டத்தட்ட 10 பேர். பெரிய எண்கள் இல்லை, எனக்குத் தெரியும். ஆனால் வீண் என்று சொல்லக்கூடிய எண்களும் இல்லை.

இனி நீங்கள் படிக்காத அடுத்த பாதி. தோட்டத்தில் கோரை முளைத்தால் மேலே அறுத்துப் பயனில்லை, மண்ணுக்குள் இருக்கும் கிழங்கைத் தோண்ட வேண்டும் என்பார்கள். 2004க்குப் பிறகு நாங்களும் இந்தக் கட்டியை அப்படித்தான் நினைத்தோம். ஆனால் கோரையில் கிழங்கு கிழங்குதான், இலை இலைதான். இந்தக் கட்டியில் இலையே கிழங்காகிவிடும். சி.டி.133 இல்லாத செல்களும் சில கட்டிகளில் புதுக் கட்டியை உண்டாக்குவது சில ஆண்டுகளிலேயே தெரியவந்தது. பிறகு ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகப் படிக்கும் தொழில்நுட்பம் வந்தது. பாஸ்டனில் அந்த முறையில் நடந்து 2014இலும் 2019இலும் வெளியான ஆய்வுகளைப் பார்த்த பிறகு படம் மாறிவிட்டது. ஒரே நோயாளியின் ஒரே கட்டிக்குள், நான்கு விதமான நிலைகளில் செல்கள் இருந்தன. ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்கு அவை மாறவும் செய்தன. ஒரு நிலையில் இருப்பதை மட்டும் பிரித்து எலிக்குள் வைத்தால், வளர்ந்த கட்டியில் மற்ற நிலைகளும் வந்துவிட்டன.

அதாவது, கட்டிக்குள் 'ஸ்டெம் செல்' என்று தனிச் சாதி ஒன்று உட்கார்ந்திருக்கவில்லை. நெருக்கடி வந்தால் பல செல்கள் அந்த நிலைக்குப் போகின்றன. இன்று இருப்பவை அத்தனையையும் கொன்றாலும், மிச்சமிருக்கும் சாதாரணப் புற்று செல்களில் சில நாளை அந்த வேலைக்கு வந்துவிடும். தனி மருந்து ஏன் இன்னும் இல்லை என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். யாராவது 'வேரை அறுத்துவிடுவோம்' என்று சொல்லும்போது நான் நம்பாமல் போவதற்கும் இதுவே காரணம்.

முயற்சி நடக்காமல் இல்லை. இந்த செல்கள் ரத்தக் குழாய்களை ஒட்டிக் குடியிருக்கின்றன என்று 2007இல் தெரிந்தபோது, குழாய் வளர்வதைத் தடுத்தால் குடியிருப்பே கலையும் என்று எதிர்பார்த்தார்கள். புதுக் குழாய் வளர்வதைத் தடுக்கும் பெவாசிசுமாப் ஊசியை முதல் சிகிச்சையிலேயே சேர்த்துப் பார்த்த இரண்டு பெரிய ஆய்வுகளும் 2014இல் வந்தன. கட்டி மறுபடி வளர்வது கொஞ்சம் தள்ளிப்போனது, ஆயுள் கூடவில்லை. (மூளை வீக்கத்தைக் குறைக்க, ஸ்டீராய்டு அளவைக் குறைக்க, இந்த ஊசியை இன்றும் பயன்படுத்துகிறோம். அது வேறு பயன்.) இ.ஜி.எஃப்.ஆர். புரதத்தின் ஒரு பிறழ்ந்த வடிவத்தைக் குறிவைத்த ரிண்டோபெபிமட் தடுப்பூசி 745 பேரிடம் சோதிக்கப்பட்டது. பலன் இல்லை. அதில் ஒரு சுவாரஸ்யமான விஷயம் உண்டு. மறுபடி வளர்ந்த கட்டியை எடுத்துப் பார்த்தபோது பாதிக்கு மேற்பட்டவற்றில் அந்தப் புரதமே காணாமல் போயிருந்தது, தடுப்பூசி போடாதவர்களிடமும்கூட. நாம் குறிபார்க்கும்போதே குறி இடம் மாறிவிடுகிறது.

கொல்வதை விட்டுவிட்டு இந்த செல்களை முதிர்ச்சி அடையச் செய்துவிடலாமே என்பது இத்தாலியின் ஆஞ்சலோ வெஸ்கோவி குழுவின் யோசனை. முதிர்ந்த செல்லுக்குப் பெருகும் வேகம் போய்விடும். பி.எம்.பி.4 என்ற புரதம் எலிகளில் அதைச் செய்தது என்று 2006இல் எழுதினார்கள். மனிதர்களில், மறுபடி வளர்ந்த கட்டிக்குள் மெல்லிய குழாய் வழியே அதைச் சொட்டுச் சொட்டாகச் செலுத்திய சிறிய முதல்கட்ட ஆய்வின் முடிவு வெளிவர 2023 ஆகிவிட்டது. சிலருக்குக் கட்டி சுருங்கியது. பாதுகாப்பானதா என்று பார்க்க நடந்த ஆய்வு அது. பலனைப் பற்றி முடிவு சொல்ல அது போதாது.

எனக்குத் தனிப்பட்ட முறையில் அதிக ஆர்வம் தரும் கண்டுபிடிப்பு 2019இல் வந்தது. மிஷெல் மான்ஜே குழு அமெரிக்காவிலும், ஃபிராங்க் விங்க்ளர் குழு ஜெர்மனியிலும், புற்று செல்கள் நல்ல நரம்பு செல்களோடு நேரடி இணைப்பு போட்டுக்கொண்டு, மூளையின் மின் சமிக்ஞையையே வளர்ச்சிக்குப் பயன்படுத்துகின்றன என்று காட்டின. அந்த இணைப்பைத் துண்டிக்க முடியுமா என்று, பெராம்பனெல் என்ற வலிப்பு மாத்திரையை வைத்து ஜெர்மனியில் ஆய்வு செய்கிறார்கள். தயவுசெய்து இதைப் படித்துவிட்டு அப்பாவின் ஃபிட்ஸ் மாத்திரையை மாற்றச் சொல்லிக் கேட்காதீர்கள். முடிவு வரட்டும்.

கார்-டி பற்றியும் நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2024இல் பாஸ்டனில் மூன்று நோயாளிகளுக்கு, புற்றைத் தாக்கும்படி மாற்றியமைத்த அவர்களின் சொந்த டி செல்களை (நோய் எதிர்ப்பு செல்கள்) மூளைக்குள் செலுத்தியபோது, சில நாட்களிலேயே ஸ்கேனில் கட்டி வியக்கத்தக்க விதத்தில் சுருங்கியது. படங்களைப் பார்த்த நாங்கள் எல்லோரும் அசந்துபோனோம். ஆனால் இருவருக்கு அது நீடிக்கவில்லை. இந்தியாவில் 2023இல் அனுமதி பெற்ற கார்-டி சிகிச்சை ரத்தப் புற்றுநோய்க்கானது. மூளைக் கட்டிக்கு அதை யாராவது தருவதாகச் சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

இனி அந்தக் கிளினிக். அவர்கள் சொல்லும் ஸ்டெம் செல்லுக்கும் நான் இவ்வளவு நேரம் பேசியதற்கும் சம்பந்தம் கிடையாது. நான் சொன்னது கட்டிக்குள் இருக்கும் புற்று செல்களைப் பற்றி. இத்தகைய கிளினிக்குகளில் ஏற்றுவது பெரும்பாலும் எலும்பு மஜ்ஜை, கொழுப்பு, தொப்புள்கொடி ஆகியவற்றிலிருந்து எடுத்த செல்கள். அவை கிளையோபிளாஸ்டோமாவைக் குணப்படுத்தும் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. நரம்பு ஸ்டெம் செல்லை, மருந்தையோ வைரஸையோ கட்டிவரை சுமந்துபோகும் வாகனமாகப் பயன்படுத்தும் முதல்கட்ட ஆய்வுகள் அமெரிக்காவில் நடந்திருக்கின்றன என்பது உண்மை. அதை உங்கள் ஊர்க் கிளினிக் செய்யவில்லை.

ஆபத்தும் வெறும் கற்பனை இல்லை. நரம்பு நோய் இருந்த ஓர் இஸ்ரேல் சிறுவனை மாஸ்கோவுக்கு அழைத்துப்போய்க் கருவிலிருந்து எடுத்த நரம்பு ஸ்டெம் செல்களைச் செலுத்தினார்கள். சில ஆண்டுகளில் மூளையிலும் தண்டுவடத்திலும் கட்டிகள் வளர்ந்தன. அவை அவன் செல்கள் அல்ல, தானமாகப் பெற்ற செல்களிலிருந்து வந்தவை என்று 2009இல் நிரூபித்தார்கள். பக்கவாதத்துக்காகச் சீனா, அர்ஜென்டினா, மெக்சிகோ என்று மூன்று நாடுகளில் பணம் கொட்டி ஸ்டெம் செல் போட்டுக்கொண்ட ஓர் அமெரிக்கருக்கு முதுகுத் தண்டில் வளர்ந்த கட்டியைப் பற்றி 2016இல் மருத்துவ இதழில் எழுதினார்கள். அதுவும் அவர் செல் அல்ல.

நம் நாட்டு விதி தெளிவாக இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல்படி, ரத்த நோய்கள் போன்றவற்றுக்குச் செய்யும் மஜ்ஜை மாற்று சிகிச்சையைத் தவிர மற்ற எல்லா ஸ்டெம் செல் சிகிச்சையும் ஆய்வு நிலைதான். பதிவு செய்த ஆய்வாக மட்டுமே தர முடியும். அந்தக் கிளினிக்கிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் இதன் எண் என்ன?" சி.டி.ஆர்.ஐ. எண் என்று கேட்டாலே புரியும். உண்மையான ஆய்வென்றால் எண்ணைச் சொல்வார்கள், இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆய்வு மருந்துக்கு நோயாளியிடம் ஆறு லட்சம் வாங்கவும் மாட்டார்கள்.

ரிப்போர்ட்டுக்கு வருகிறேன். ஐ.டி.எச். வைல்டுடைப் என்றால் அந்த மரபணுவில் மாற்றம் இல்லை. எனவே செய்திகளில் வரும் வோராசிடெனிப் மாத்திரை அப்பாவுக்கு இல்லை, அது ஐ.டி.எச். மாற்றம் உள்ள, மெதுவாக வளரும் கட்டிகளுக்கானது. எம்.ஜி.எம்.டி. என்பது டெமோசோலமைடு உண்டாக்கும் பழுதைச் சரிசெய்யும் புரதம். அந்த மரபணு 'மெத்திலேட்டட்' ஆகி அடங்கிக் கிடந்தால் மாத்திரை நன்றாக வேலை செய்யும். அப்பாவுக்கு அது அடங்கவில்லை. மாத்திரையின் பலன் அவருக்குக் குறைவாக இருக்கலாம் என்பதை மறைக்க விரும்பவில்லை. இருந்தாலும் அவர் வயதில், தாங்கும் உடல்நிலை இருந்தால், பெரும்பாலான மருத்துவர்கள் கொடுக்கத்தான் செய்வார்கள், நானும் கொடுப்பேன். ஆய்வில் சேர இடம் கிடைக்குமா என்று கேட்பதற்கும் இந்த ரிப்போர்ட் ஒரு நல்ல காரணம். வேலூர் சி.எம்.சி., பெங்களூரு நிம்ஹான்ஸ், மும்பை டாடா மெமோரியல் போன்ற இடங்களில் இரண்டாவது கருத்தோடு சேர்த்து இதையும் கேட்கலாம். பயாப்சி செய்த இடத்தில் கட்டியின் துண்டைப் பதித்துவைத்திருக்கும் மெழுகுக் கட்டையைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். பிறகு வேறு மரபணுச் சோதனை தேவைப்பட்டால் அதிலிருந்துதான் செய்ய வேண்டும்.

'பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். முழுதும் எடுத்திருந்தால் வராதே என்ற வருத்தம் அதில் தெரிகிறது. 1928இல் வால்டர் டேண்டி என்ற அமெரிக்க அறுவை நிபுணர் இத்தகைய கட்டிகளுக்காக மூளையின் வலது பாதியையே எடுத்துப் பார்த்தார். அப்படியும் நோயை ஒழிக்க முடியவில்லை. புற்று செல்கள் வெள்ளை நரம்பிழைகள் வழியே தொலைவுக்குப் போய்விடுகின்றன. ஆகவே உங்கள் அறுவை நிபுணர் மேல் குறை இல்லை. கட்டியைச் சுற்றி நல்லதுபோலத் தெரியும் பகுதிக்கும் சேர்த்துக் கதிர் வைப்பது இதனால்தான்.

கதிர்வீச்சு முடிந்த பிறகு தலையில் ஒட்டி அணியும் மின்புலக் கருவி ஒன்றைப் பற்றி யாராவது சொல்லலாம். அது மோசடி அல்ல. 2017இல் வெளியான ஆய்வில், மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் பாதிப் பேர் 16 மாதங்களைத் தாண்டினார்கள். கருவியும் சேர்த்து அணிந்தவர்களில் பாதிப் பேர் கிட்டத்தட்ட 21 மாதங்களைத் தாண்டினார்கள். ஆனால் தலையை மழித்துக்கொண்டு நாளில் 18 மணி நேரம் அணிய வேண்டும், விலையும் நம் குடும்பங்களுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. அதற்காகக் கடன் வாங்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

அடுத்த சில வாரங்களில் கவனிக்க வேண்டியவை இருக்கின்றன. மாத்திரையை வெறும் வயிற்றில், சொன்ன நேரத்தில், கேப்சூலைப் பிரிக்காமல் விழுங்க வேண்டும். வாராவாரம் ரத்தப் பரிசோதனை கட்டாயம். பிளேட்லெட் ஒரு லட்சத்துக்குக் கீழே போனால் மாத்திரையை நிறுத்திவைப்பார்கள், கதிர் தொடரும், பயப்பட வேண்டாம். காய்ச்சலோ, வறட்டு இருமலோடு மூச்சு வாங்குவதோ இருந்தால் காலைவரை காத்திருக்காமல் அழைத்துப் போங்கள். ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்தாதீர்கள். அது சர்க்கரையை ஏற்றும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். நாட்டு மருந்து ஏதாவது கொடுக்கிறீர்கள் என்றால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். திட்டினாலும் பரவாயில்லை. டெமோசோலமைடே சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கும்; இரண்டும் சேர்ந்தால் எதனால் பாதிப்பு என்று கண்டுபிடிக்க முடியாது.

அப்புறம் முதல் எம்.ஆர்.ஐ. கதிர் முடிந்து சுமார் ஒரு மாதத்தில் எடுப்பார்கள். அதில் 'கட்டி பெரிதாகியிருக்கிறது' என்று வந்தால் உடனே உடைந்துபோய்விடாதீர்கள். முதல் மூன்று மாதங்களில் கதிரும் மாத்திரையும் உண்டாக்கும் வீக்கமே சிலருக்குக் கட்டி வளர்ந்ததுபோலத் தெரியும். அப்பா தெம்பாக இருக்கிறார், புதிதாகப் பலவீனம் எதுவும் இல்லை என்றால், மாத்திரையைத் தொடர்ந்து, இரண்டு மாதம் கழித்து இன்னொரு ஸ்கேன் எடுத்து ஒப்பிட்டுத்தான் முடிவு செய்வோம். ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட்டை வாங்கியதும் அதை வாட்ஸ்அப்பில் உறவுகளுக்கு அனுப்புவதற்கு முன்பு கதிர்வீச்சு மருத்துவரிடம் காட்டுங்கள். ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் எடுத்த பழைய ஸ்கேன் படங்களையும் கையோடு கொண்டு போங்கள்.